மாத்திரையோடு ஒரு மண்வெட்டியும்



வலிப்பு நோயுள்ள பிள்ளைக்கு மாத்திரை கொடுத்துவிட்டால் நம் பணி முடிந்துவிடுகிறதா? வகுப்பில் இரண்டு முறை விழுந்தால் போதும், "இனி அனுப்ப வேண்டாம்" என்று சொல்லிவிடுகிறார்கள். அதன்பின் வீட்டு மூலையே அவனுக்கு உலகம். மருந்தினால் நோய் அடங்கிய பிறகும், படிப்பும் தொழிலும் இல்லாத வாலிபனாக நிற்கிறான்.

ஜெர்மனி தேசத்திலும் ஒரு காலத்தில் இதே நிலைதான். 1867-ம் ஆண்டு பீலபெல்ட் நகருக்கு அருகே, இத்தகைய சிறுவர்களுக்காக விசுவாசிகள் சிலர் ஒரு பண்ணை வீட்டில் இல்லம் தொடங்கினார்கள். 1872-ல் அதன் பொறுப்பை ஏற்றவர் போதகர் பிரெட்ரிக் வான் போடல்ஷ்விங். இறையியல் கற்குமுன் விவசாயம் பயின்று பண்ணையை நிர்வகித்தவர் அவர். 1869-ல் இரண்டே வாரங்களில் தம் நான்கு பிள்ளைகளையும் நோய்க்குப் பறிகொடுத்த தகப்பனும்கூட. அந்த இல்லத்துக்குப் பெத்தேல், அதாவது தேவனுடைய வீடு, என்ற பெயர் நிலைத்தது.

அந்நாட்களில் வலிப்புக்குப் புரோமைடு உப்பைத் தவிர வேறு நல்ல மருந்து இல்லை. பீனோபார்பிட்டோன் 1912-ல்தான் வந்தது. எனவே நோய் தீரட்டும், பிறகு வாழ்வைத் தொடங்கலாம் என்று காத்திருக்க வழியில்லை. நோயோடேயே கற்கவும் உழைக்கவும் இடம் வேண்டியிருந்தது. வயலும் தோட்டமும் பட்டறைகளும் அவர்களுக்குப் பள்ளியாயின.

பண்ணை எப்படிப் பள்ளியாகும்? மாட்டுக்கு வேளை தவறாமல் தீனி வைக்கப் பழகியவன், மாத்திரையையும் வேளை தவறாமல் விழுங்கக் கற்கிறான். பாத்தி அளக்கும்போது கணக்கு வருகிறது. பால் கணக்கு எழுதும்போது எழுத்து வருகிறது. விழுந்தால் கேலி செய்வாரில்லை. கையில் சாவிக்கொத்தைத் திணிப்பாருமில்லை. அருகிலுள்ளவன் அவனை ஒருக்களித்துப் படுக்கவைத்து, தெளியும்வரை உடனிருக்கிறான். ஆனால் வேலையைத் தெரிந்து கொடுக்கவேண்டும். திறந்த கிணறு, நெருப்பு, மரமேறுதல், ஓடும் இயந்திரம் ஆகியவை ஆகா. நாற்றங்கால், கோழி வளர்ப்பு, காய்கறித் தோட்டம் ஆகியவை ஏற்றவை.

இங்கே ஓர் எச்சரிப்பும் உண்டு. உழைப்பை மனிதனின் விலையாக்கிவிடக் கூடாது. ஹிட்லர் ஆட்சியில், 1934-ல் நடைமுறைக்கு வந்த கட்டாயக் கருத்தடைச் சட்டத்துக்குப் பெத்தேலும் உடன்பட்டது. அது அதன் வரலாற்றில் மாறாத வடு. 1940-ல் அரசிடமிருந்து படிவங்கள் வந்தன. ஒவ்வொரு நோயாளியும் என்ன வேலை செய்கிறார் என்று அவை கேட்டன. உழைக்க இயலாதோரைக் கொல்வதற்கான கணக்கு அது! அப்போது பொறுப்பிலிருந்த, முதல் போதகரின் மகன், அவற்றை நிரப்பித் தர மறுத்துவிட்டார். வேலை கற்றுக்கொடுத்த அதே இல்லத்தின் பொறுப்பாளர், வேலையைக்கொண்டு உயிரை அளக்கும் அந்தப் படிவங்களுக்கு இடங்கொடுக்கவில்லை. ஏர் பிடிக்கக் கூடாதவனும் தேவசாயலே.

அன்பானவர்களே, உங்கள் காணிக்கை பிள்ளைகளின் மருந்துக்கு உதவுகிறது. அதற்காகக் கர்த்தரை ஸ்தோத்தரிக்கிறோம். இன்னொன்றும் கேட்கிறோம். உங்களில் நிலமோ தோட்டமோ உள்ளவர்கள், மருத்துவரின் ஆலோசனையுடன் இப்படிப்பட்ட ஒரு வாலிபனுக்கோ பெண்பிள்ளைக்கோ வேலை கற்றுக்கொடுக்க முன்வருவீர்களா? கூலியைக் குறைக்காமல் கொடுங்கள். மதிய உணவுக்கு உங்களோடு உட்காரச் செய்யுங்கள். மருந்து செய்யமுடியாத ஒன்றை அந்தப் பந்தி செய்யும்.

கர்த்தருடைய பணியில்,
மருத்துவமனைப் போதகர்