பாவலர் சகோதரர்கள்: கட்சி மேடையிலிருந்து இசைத்தட்டு வரை

சென்ற பொங்கல் விழாவில் நம் சங்கத்துப் பிள்ளைகள் பாடிய பாடல்களில் பாதிக்கு மேல் இளையராஜா இசையமைத்தவை. விழா முடிந்து சாப்பாட்டு வரிசையில் நிற்கும்போது, பன்னிரண்டு வயதுப் பையன் ஒருவன், "மாமா, இளையராஜா எந்தக் காலேஜ்ல மியூசிக் படிச்சாரு?" என்று கேட்டான். "அவங்க அண்ணன்கிட்ட" என்றேன். நான் கேலி செய்கிறேன் என்று நினைத்துச் சிரித்துவிட்டுப் போய்விட்டான். சித்தூரிலும் திருப்பதியிலும் பிறந்து வளரும் நம் பிள்ளைகளுக்கு அந்த அண்ணனைத் தெரிந்திருக்க நியாயமில்லை. ஆகவேதான் இந்தக் கட்டுரை.

பண்ணைப்புரம், மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தில் உள்ள சிற்றூர். அன்று மதுரை மாவட்டம், இன்று தேனி மாவட்டம். அவ்வூர் ராமசாமியின் மூத்த தாரத்து மகன் வரதராஜன். இளைய தாரம் சின்னத்தாயின் பிள்ளைகள் பாஸ்கர், ராசய்யா, அமர்சிங். தாய் வேறானாலும் தம்பிகளுக்கு இசையில் வழிகாட்டி வரதராஜன்தான். கம்யூனிஸ்ட் கட்சிக் கூட்டங்களில் சொந்தமாகப் பாட்டுக் கட்டிப் பாடி, 'பாவலர்' என்று பெயர் பெற்றவர்.

கட்சிக் கூட்டம் என்றால் என்னவென்று பெரியவர்களுக்குத் தெரியும். பேச்சாளர் எட்டு மணிக்கு என்பார்கள், பத்து மணிக்கு வருவார். அதுவரை கூட்டத்தைக் கலையாமல் வைத்திருப்பது பாட்டுக்காரரின் பொறுப்பு. ஜனங்களுக்கு ஏற்கெனவே தெரிந்த நாட்டுப்புற மெட்டிலும் சினிமா மெட்டிலும் அரசியலை ஏற்றிப் பாடுவார் பாவலர். மெட்டு பழையது, சொல் புதியது. கேட்பவர் மறுநாள் வயலில் அதையே முணுமுணுப்பார். இதைவிடப் பெரிய பிரசாரம் ஏது?

1958-ல் கேரளத்தில் தேவிகுளம் இடைத்தேர்தல். ஈ.எம்.எஸ். அமைச்சரவை பதவிக்கு வந்து ஓராண்டே ஆகியிருந்தது. கம்யூனிஸ்ட் வேட்பாளர் ரோசம்மா புன்னூஸ். அங்கே தேயிலைத் தோட்டங்களில் வேலை செய்தவர்களில் பெரும்பாலோர், பிழைப்புக்காக மலையேறிய தமிழர்கள். (நம்மைப் போலத்தான்!) அவர்களிடம் தமிழில் பாட பாவலர் மூணாறு மலைக்குப் போனார். ரோசம்மா வென்றார். ராசய்யா அண்ணனோடு மேடையேறத் தொடங்கியதும் அக்காலத்தில்தான். வயது பதினான்கு, பதினைந்து இருக்கும். குரல் உடையாத பையன் ஆகையால் பெண் குரலில் பாடினான். குரல் உடைந்த பிறகு ஆர்மோனியத்துக்கு மாறினான். அண்ணனின் ஆர்மோனியத்தைத் தொட அனுமதி கிடையாது. அவர் இல்லாத நேரம் பார்த்துத் தானே பழகிக்கொண்டதுதான். பாஸ்கர் தபேலா. பிறகு கடைக்குட்டி அமரும் சேர, 'பாவலர் பிரதர்ஸ்' குழு ஏறத்தாழ பத்தாண்டுகள் ஊர் ஊராகச் சுற்றியது.

1968-ல் தம்பிகள் சென்னைக்குப் புறப்பட்டார்கள். கையில் காசில்லை. வீட்டிலிருந்த ரேடியோவை விற்று, வந்த 400 ரூபாயைப் பிள்ளைகளிடம் கொடுத்தார் சின்னத்தாய். பாட்டுப் பாடப் போகும் பிள்ளைகளுக்கு வீட்டில் பாடிக்கொண்டிருந்த பெட்டியை விற்ற தாய்! ஊரை விட்டு வந்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. நம் வீடுகளிலும் ஏதோ ஒன்றை விற்றுத்தான் நமக்கு ரயில் டிக்கெட் எடுத்தார்கள்.

சென்னையில் தன்ராஜ் மாஸ்டரிடம் மேற்கத்திய இசை படித்தார் ராஜா. லண்டன் டிரினிட்டி கல்லூரித் தேர்வில் கிட்டாருக்குத் தங்கப் பதக்கமும் பெற்றார். ஆக, பையன் கேட்ட கேள்விக்கு 'காலேஜ்' என்ற பதிலும் உண்டுதான். ஆனால் அது இரண்டாவது பதில். கிராமத்து மெட்டும் கிட்டாரும் ஒரே கையில் சேர்ந்தது இங்கேதான். 1950-களில் அமெரிக்காவின் தென்பகுதியிலும் இப்படி ஒரு கலப்பு நடந்தது. வெள்ளையரின் கிராமியப் பாட்டும் கறுப்பர்களின் புளூஸும் சேர்ந்து 'ராக்கபிலி' பிறந்தது. அதன் சாயலோடு 1957-ல் புகழ்பெற்ற எவர்லி சகோதரர்களும், சிறுவயதில் பெற்றோருடன் ரேடியோவில் பாடிய குடும்பக் குழுவினரே. வீட்டுத் திண்ணையில் கற்றது எங்கும் வீண்போவதில்லை போலும்.

இனி நம் ஊருக்கும் இந்தக் கதைக்கும் உள்ள உறவு. காளஹஸ்தியிலும் திருப்பதியிலும் படித்தவர் எஸ்.பி. பாலசுப்ரமணியம், தந்தை சாம்பமூர்த்தி ஹரிகதைக் கலைஞர். சென்னையில் பாலு ஒரு மெல்லிசைக் குழு நடத்தினார். அதில் ராஜா கிட்டாரும் ஆர்மோனியமும், பாஸ்கர் தாள வாத்தியம், அமர் கிட்டார். தெலுங்கு ஹரிகதைக்காரர் மகனும் தமிழ்ப் பாவலரின் தம்பிகளும் ஒரே மேடையில்! மொழியைச் சொல்லிச் சண்டை போடுபவர்களிடம் நான் இதைத்தான் சொல்வது வழக்கம்.

பகலில் ராஜா பிறர் படங்களுக்கு வாசித்தார், இசையமைப்பாளர் ஜி.கே. வெங்கடேஷிடம் உதவியாளராக இருந்தார். 1976-ல் பஞ்சு அருணாசலம் 'அன்னக்கிளி' படத்தைக் கொடுத்து, பெயருக்கு முன் 'இளைய' என்பதையும் சேர்த்தார். சித்தூரில் ஒரு கல்யாண வீட்டு ஒலிபெருக்கியில் அந்தப் பாடல்களை முதலில் கேட்டேன். வயற்காட்டுப் பாட்டை இவ்வளவு வாத்தியங்களோடு யார் பாட வைத்தார்கள் என்று வியப்பாக இருந்தது. அமர், கங்கை அமரன் ஆனார். 1977-ல் '16 வயதினிலே' படத்துக்கு அவர் எழுதிய பாட்டு, எஸ். ஜானகிக்குத் தேசிய விருதைக் கொண்டுவந்தது. பிறகு சினிமாவுக்கு வெளியேயும் இளையராஜாவின் இசைத்தட்டுகள் வந்தன. 1986-ல் தியாகராஜருக்கும் பாக்குக்கும் காணிக்கையாக 'ஹவ் டு நேம் இட்', 1988-ல் ஹரிபிரசாத் சௌராசியாவின் புல்லாங்குழலோடு 'நத்திங் பட் விண்ட்', 2005-ல் திருவாசகம். 2025 மார்ச் 8 அன்று லண்டனில் அவருடைய சிம்பொனி அரங்கேறியது.

ஆனால் பாவலர் வரதராஜன் இவற்றில் ஒன்றையும் கேட்கவில்லை. 1973-லேயே காலமாகிவிட்டார், 'அன்னக்கிளி'க்கு மூன்றாண்டு முன்பு. மேடைப் பாட்டுக்காரனின் விதி அது. பாட்டு ஜனங்களின் வாயில் இருக்கும், உறையின் மேல் பெயர் இராது. தம்பிகள் மறக்கவில்லை என்பதே ஆறுதல்.

1981-ல் 'சீதாகோக சிலுக' படத்தை இங்கே பலரும் பார்த்திருப்பீர்கள். அதன் தமிழ் மூலம் 'அலைகள் ஓய்வதில்லை'. இயக்கம் பாரதிராஜா, இசை இளையராஜா, தயாரிப்பு பாஸ்கர். அந்தத் தமிழ்ப் படம் கிடைத்தால், எழுத்துகள் ஓடும்போது எழுந்துபோகாமல் பாருங்கள். பட நிறுவனத்தின் பெயர் பாவலர் கிரியேஷன்ஸ்.