காலாலும் வாசிக்கும் கருவி



ஞாயிறு திருப்பலியில் பாடகர் குழுவினர் வாசிக்கும் கீபோர்டில் 'ஆர்கன்' என்று ஒரு பொத்தான் இருக்கிறது. தளவாய்புரம், ராஜபாளையம் பக்கத்தில் நம்மில் பலருக்கு அந்தப் பொத்தான்தான் ஆர்கன். உண்மையான பைப் ஆர்கனைச் சென்னையில் பார்க்கலாம். எழும்பூரில் புனித அந்திரேயா கிர்க் ஆலயத்தில் ஒன்று இருக்கிறது. ஹேண்டல் மேனுவல் பல ஆண்டுகள் அதை வாசித்தார்.

அந்தக் கருவிக்கு மூச்சு காற்றுதான். துருத்தி ஒரு பெட்டியில் காற்றை நிரப்பி வைக்கும். விரல் ஒரு கட்டையை அழுத்தினால், அதற்குரிய குழலின் அடியில் சிறு கதவு திறந்து காற்று ஏறும். ஒரே சுரத்துக்குப் புல்லாங்குழல் போல ஒரு குழல், எக்காளம் போல இன்னொன்று என வரிசை வரிசையாகக் குழல்கள் நிற்கும். எந்த வரிசை ஒலிக்க வேண்டும் என்பதைப் பக்கத்திலுள்ள குமிழ்களை இழுத்து முடிவு செய்வார்கள். பெரிய ஆர்கன்களில் 32 அடி நீளக் குழல்கூட உண்டு. தாழ்ந்த சுரங்களைக் கால்தான் வாசிக்கும். கைத்தறிக் குழியில் உட்கார்ந்து, கை ஒரு வேலையும் கால் ஒரு வேலையும் செய்வதைப் பார்த்து வளர்ந்த நமக்கு இது எளிதாகப் புரியும். நம் ஆர்மோனியமும் இதற்குத் தூரத்து உறவுதான். அதில் குழல்களுக்குப் பதில் உலோக நாக்குகள்.

வயலின் வாசிப்பவர் தம் வயலினோடு போட்டிக்கு வருவார். ஆர்கன் வாசிப்பவரோ அதற்கென்று வைத்திருக்கும் காலணியை மட்டும் எடுத்துக்கொண்டு வருவார். கருவி ஆலயச் சுவரோடு நிற்கிறது. ஊருக்கு ஊர் அதன் குமிழ்களும் குரலும் வேறு. கிடைக்கிற சில மணி நேரத்தில் அந்நியக் கருவியோடு அவர் பழகிக்கொள்ள வேண்டும்.

லண்டனுக்கு வடக்கே செயின்ட் ஆல்பன்ஸ் என்ற ஊரின் ஆங்கிலிக்கன் பேராலயத்தில் 1962இல் புது ஆர்கன் அமைத்தார்கள். அங்கே இசைப் பொறுப்பிலிருந்த பீட்டர் ஹர்ஃபோர்ட், அதைத் தாம் மட்டும் வாசித்துக்கொண்டிருக்கவில்லை. 1963இல் ஒரு விழாவைத் தொடங்கி, இளைஞர்களுக்குப் போட்டியும் வைத்தார். 1964இல் அங்கே வென்ற கிலியன் வேயர் என்ற நியூசிலாந்து இளம்பெண், பிறகு உலகம் அறிந்த கலைஞரானார். இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை அந்த விழா இன்றும் நடக்கிறது.

அதே 1963 டிசம்பர் 4 அன்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் வெளியிட்ட திருவழிபாடு பற்றிய ஏடும், இலத்தீன் வழிபாட்டில் பைப் ஆர்கனைப் பெரிதும் மதிக்கச் சொன்னது. தகுந்த பிற கருவிகளுக்கும் இடம் தந்தது. நம் கீபோர்டு வந்தது அந்த வாசல் வழியாகத்தான்.

செயின்ட் ஆல்பன்ஸில் இன்னொரு போட்டியும் உண்டு. கொடுக்கப்பட்ட ஒரு சிறு மெட்டை வைத்து அங்கேயே இசையை உருவாக்கி வாசிக்க வேண்டும். நம் வித்துவான்களின் மனோதர்மம் போல. ஆலயத்தில் இது அன்றாடத் தேவை. நற்கருணை வரிசை நீளும், பாட்டு முடிந்துவிடும். அந்த இடைவெளியை வாசிப்பவர் நிரப்ப வேண்டும். நம் பங்குகளில் அந்த நேரத்தில் பெரும்பாலும் தாளப் பொத்தான்தான் தானாக ஓடிக்கொண்டிருக்கும்.

பல பங்குகளில் வாசிக்கத் தெரிந்தவர் ஒருவர்தான். அவர் கல்லூரிக்கோ வேலைக்கோ வெளியூர் போய்விட்டால், கிறிஸ்மஸ் இரவுக்கு வாடகைக்கு ஆள் தேடுகிறோம். கீபோர்டு மட்டும் வாரம் முழுவதும் உறைக்குள், பூட்டிய அறையில் இருக்கிறது. பிள்ளைகள் தொட்டால் கெட்டுவிடும் என்று பயம். மறைக்கல்வி முடிந்த பிறகு அரை மணி நேரம் அந்தச் சாவியை யார் கையில் கொடுக்கலாம் என்று, பங்குத்தந்தையோடு இந்த வாரமே பேசிப் பார்ப்போம்.