அரண்மனையும் ஆவிக் கதைகளும்

தஞ்சைப் பெரிய கோயிலுக்கு வடகிழக்கே, நகரின் நடுவில் ஒரு பழைய அரண்மனை உள்ளது. 16ஆம் நூற்றாண்டில் நாயக்க மன்னர் தொடங்கிய அதனைப் பின்வந்த மராட்டிய மன்னர் விரிவுபடுத்தினர். 1855இல் இரண்டாம் சிவாஜி மன்னர் ஆண் மகவின்றி இறந்தார். ஆங்கிலக் கும்பெனியார் அரசைக் கவர்ந்துகொண்டனர். அரசவையின் ஆரவாரம் அடங்கிற்று. 1951இல் அங்குக் கலைக்கூடம் அமைந்தது. சோழர் காலத்துச் செப்புத் திருமேனிகளைக் காணப் பகலில் மக்கள் வருகின்றனர்.

மனிதர் நீங்கிய மாளிகையில் கதைகள் குடிபுகும். நிலவறை உண்டு, அதிலிருந்து நெடுந்தொலைவு செல்லும் சுரங்கம் உண்டு, புகுந்தவர் மீண்டிலர் என்பன போன்ற பேச்சுகளுக்குத் தஞ்சையில் குறைவில்லை. பழைய மாளிகைகளில் இரவில் சிலம்பொலி கேட்கும், பெண்குரல் அழும் என்றும் கூறுவர்.

இவ்வொலிகளுக்குக் காரணம் காணுதல் அரிதன்று. தடித்த சுவரும் உயர்ந்த வளைவுகளும் சிற்றொலியையும் பெருக்கிக் காட்டும். அரண்மனையிலுள்ள சங்கீத மகால் இசையரங்காகச் சிறந்ததும் ஒலியின் இவ்வியல்பை அறிந்து கட்டியதனாலேயே. பாழடைந்த மாடங்களில் வௌவால் தொங்கும். கூகை கூடு கொள்ளும். கூகையின் அலறலை இருளில் கேட்டவன் பேய் என்றே ஓடுவான். ஆனால், காவிரி நாட்டு உழவன் நெல்வயலில் கிளைகளை நட்டு, எலியைப் பிடிக்கும் அப்பறவைக்கு இருக்கை அமைக்கிறான்! வயலில் நண்பனாகிய பறவை மாளிகையில் பேயாகிவிடுகிறது.

எனினும், அழுகுரல் ஏன் பெண்குரலாகவே இருத்தல் வேண்டும்? கூகையைக் காட்டி இதற்கு விடை சொல்லிவிட இயலாது.

1673இல் மதுரைச் சொக்கநாத நாயக்கரின் படை தஞ்சையை முற்றியது. முதுமை எய்தியிருந்த விசயராகவ நாயக்கர் தாமே களம் புகுந்து மாண்டார். அவர் புறப்படுமுன், அந்தப்புரப் பெண்டிர் பகைவர் கையில் அகப்படாதிருக்க, அதனை வெடிமருந்திட்டுத் தகர்க்க ஏற்பாடு செய்தார் என்றும், அவ்வாறே அவர்கள் மடிந்தனர் என்றும் பழைய வரலாறு கூறும். மன்னருடைய மானத்தைப் புகழ்வோர் உளர். அப்பெண்டிரின் விருப்பத்தை எவரேனும் கேட்டனரா? அவர்களுள் பெரும்பாலோருடைய பெயரும் நமக்குக் கிடைத்திலது. ஏடு மறந்தவர்களை ஊர் தன் கதைகளில் அழவைத்தது போலும்.

அவ்வழிவிலிருந்து செங்கமலதாசன் என்னும் அரசிளங் குழந்தையைச் செவிலி ஒருத்தி நாகப்பட்டினத்திற்குக் கொண்டு சென்று காத்தாள் என்றும் அவ்வரலாறு சொல்லும். அவளைப் பற்றிய பேய்க்கதை ஒன்றும் இல்லை.