612 யானையும் 241 டன் தங்கமும்: ஒரு மூட்டைக் கணக்கு

லீவுக்கு வந்திருந்த அக்கா மகன் ஸ்கைரிம் விளையாடிக்கொண்டிருந்தான். பாழடைந்த கல்லறை ஒன்றுக்குள் புகுந்து, குறுக்கே வந்தவர்களை எல்லாம் வெட்டிச் சாய்த்துவிட்டு, செத்தவன் போட்டிருந்த இரும்புக் கவசத்தில் ஆரம்பித்து மேஜை மேலிருந்த தட்டுமுட்டுச் சாமான் வரைக்கும் அள்ளிப் பையில் போட்டான். வெளியே வரும் வழியில் வீரன் திடீரென்று ஆமை மாதிரி நகர ஆரம்பித்தான்.

"மாமா, வெயிட் ஓவராயிருச்சு. ஓட மாட்டேங்குறான்."

"எதையாச்சும் கீழ போட்டுட்டுப் போடா."

"எதைப் போடுறது? எல்லாமே காசு மாமா."

அன்று ராத்திரியே குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரு செய்தி சுற்றியது. 1311இல் மதுரையைக் கொள்ளையடித்த மாலிக் காபூர் 612 யானைகளில் 241 டன் தங்கத்தை ஏற்றிக்கொண்டு டெல்லிக்குப் போனானாம். இதற்கு முன்பும் பல தடவை பார்த்த செய்திதான். ஆனால் "எதைப் போடுறது?" என்ற கேள்வி மண்டைக்குள் ஓடிக்கொண்டிருந்ததால், இந்தத் தடவை பேப்பரை எடுத்துக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். யானை எத்தனை கிலோ தூக்கும்? எத்தனை நாள் நடக்கும்? என்ன தின்னும்? அந்தக் கணக்குதான் இந்தக் குறிப்பு.

முதலில் விளையாட்டின் விதி. இந்த வகை விளையாட்டுகளுக்கெல்லாம் பாட்டனான டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் 1974இல் வந்தது. கணினி கிடையாது, பேப்பர், பென்சில், பகடை. அதில் ஒரு பொற்காசை வெளியே கொண்டு வந்தால் ஒரு அனுபவப் புள்ளி. பூதத்தைக் கொன்றதற்குக் கிடைக்கும் புள்ளி கொஞ்சம்தான். புதையலைத் தூக்கிக்கொண்டு உயிரோடு வெளியே வந்தால்தான் பெரிய புள்ளி. அதனால் சுமையைக் காசு எடையிலேயே அளந்தார்கள், ஒரு பவுண்டுக்குப் பத்துக் காசு என்று. பெட்டி நிறையச் செம்புக்காசு கிடைத்தால் சந்தோஷப்பட முடியாது, அது தண்டச்சுமை. ஆகவே விளையாடுகிறவர்கள் வாளுக்கு முன்னால் கோவேறு கழுதையையும் கூலியாளையும் பிடித்தார்கள். அந்த விளையாட்டின் ஐந்தாம் பதிப்பில் சுமை விலங்குகளுக்கு ஒரு பட்டியலே உண்டு. கோவேறு கழுதைக்கு 420 பவுண்டு; யானைக்கு 1,320 பவுண்டு, அதாவது சுமார் 600 கிலோ. இந்த எண்ணை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

ஸ்கைரிமில் வீரன் ஆரம்பத்தில் 300 அலகு தூக்கலாம். அதைத் தாண்டினால் ஓட முடியாது, நினைத்த ஊருக்கு ஒரே தாவாகத் தாவவும் முடியாது. ஆகவே பழகியவர்கள் விலையைப் பார்க்க மாட்டார்கள். விலையை எடையால் வகுத்துப் பார்ப்பார்கள். இரும்புக் கவசம் 125 காசு, எடை 30: அலகுக்கு 4 காசு தேறும். டிராகன் எலும்பு 500 காசு, எடை 15: அலகுக்கு 33. வைரக்கல் 800 காசு, எடை 0.1: எட்டாயிரம். மருமகன் தூக்கிய கவசங்களை எல்லாம் தூக்கிப் போட்டுவிட்டு ஒரே ஒரு வைரத்தை எடுத்து வந்திருந்தால் போதும். போதாக்குறைக்கு, இவன் மூச்சு வாங்கச் சுமந்துகொண்டு போய்க் கொட்டும் ஊர்க்கடைக்காரரிடம் ஒரு நேரத்தில் இருப்பதே 750 காசு அளவில்தான்.

இந்த விளையாட்டில் எனக்கு ஒத்துக்கொள்ளாத விஷயம் ஒன்று உண்டு. பொற்காசுக்கு எடையே கிடையாது. லட்சம் காசு வைத்திருந்தாலும் பை காற்று மாதிரி இருக்கும். முதல் டயாப்லோவில் அந்தச் சலுகை இல்லை. அங்கே 5,000 காசுக்கு ஒரு கட்டம் வீதம் பையில் இடம் போகும். பணக்காரன் ஆக ஆக வாள் வைக்க இடமிருக்காது. அடுத்த பாகத்தில் அதையும் எடுத்துவிட்டார்கள். விளையாடுகிறவனுக்கு எரிச்சல் குறைந்தது, சரி. ஆனால் தங்கம் கனமானது என்கிற அறிவு நமக்குப் போய்விட்டது. வாட்ஸ்அப் செய்தியை நாம் அப்படியே நம்புவதற்கு அதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

இப்போது மதுரைக்கு வருவோம். 1310இல் மாறவர்மன் குலசேகர பாண்டியன் இறந்ததும் மகன்கள் சுந்தர பாண்டியனும் வீர பாண்டியனும் அரியணைக்குச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். அலாவுதீன் கில்ஜியின் தளபதி மாலிக் காபூர் அந்த நவம்பரில் டெல்லியை விட்டுக் கிளம்பி, துவாரசமுத்திரத்தில் ஹொய்சள மன்னன் மூன்றாம் வல்லாளனைப் பணியவைத்து, மார்ச்சில் பாண்டிய நாட்டுக்குள் நுழைந்தான். மதுரைக்கு வந்தது 1311 ஏப்ரல் 10. திரும்பப் புறப்பட்டது ஏப்ரல் 25. டெல்லி சேர்ந்தது அக்டோபர் 18.

என்ன கொண்டு போனான் என்பதற்கு இரண்டு பேர் இரண்டு கணக்குச் சொல்கிறார்கள். அலாவுதீனின் அவைக்கவிஞர் அமீர் குஸ்ரோ, நடந்த கையோடு எழுதியவர்: 512 யானை, 5,000 குதிரை, 500 மணு நவரத்தினம். ஜியாவுதீன் பரணி, நாற்பது வருஷத்துக்கு மேல் கழித்து எழுதியவர்: 612 யானை, 20,000 குதிரை, 96,000 மணு தங்கம். வாட்ஸ்அப் செய்தி பரணியின் கணக்கிலிருந்து பிறந்தது. (இது மதுரையில் மட்டும் கிடைத்தது இல்லை, துவாரசமுத்திரம் உட்பட மொத்தப் படையெடுப்பின் கணக்கு. செய்தியில் இது எப்போதும் காணாமல் போய்விடும்.)

241 டன்னை 612 யானைக்குப் பங்கு போட்டால் ஒரு யானைக்கு 394 கிலோ. பழக்கிய யானை நெடுந்தூரப் பயணத்தில் சுமார் அரை டன் பொதி சுமக்கும். விளையாட்டுப் பட்டியலின் 600 கிலோவும் அதற்குப் பக்கத்தில்தான் நிற்கிறது. ஆக, செய்தி முதல் சோதனையில் பாஸ்! நானே எதிர்பார்க்கவில்லை.

ஆனால் 96,000 மணு 241 டன் ஆக வேண்டுமென்றால் ஒரு மணு இரண்டரைக் கிலோவாக இருக்க வேண்டும். அலாவுதீன் காலத்து டெல்லிச் சந்தை மணுவைத் தோராயமாக 12 முதல் 15 கிலோ என்று கொள்வார்கள். 12 என்றே வைத்தாலும் 1,152 டன். இன்றைக்கு இந்திய ரிசர்வ் வங்கியிடம் இருக்கும் தங்கமே ஏறக்குறைய 880 டன்தான். அந்த 1,152 டன்னை உருக்கி அடுக்கினால் 60 கன மீட்டர், நம் வீட்டு ஹால் ஒன்றுக்குள் அடங்கிவிடும். டயாப்லோ மாதிரி கட்டம் கட்டமாக இடத்தை வைத்துப் பார்த்தால் பிரச்சினையே இல்லை. எடையில்தான் சிக்கல். ஒரு யானைக்கு 1,882 கிலோ விழும். அரை டன் வீதம் ஏற்றினால் 2,304 யானை வேண்டும். குதிரை மேல் ஏற்றலாமே என்றால், அவை போர்க்குதிரைகள். டெல்லிக்கு வேண்டியது அவற்றின் முதுகுதான், அதில் தங்கத்தை ஏற்றிப் புண்ணாக்க எந்தத் தளபதியும் சம்மதிக்க மாட்டான். பொதிமாடு, ஒட்டகம் சேர்த்துக்கொண்டால் முடியாதது என்று அடித்துச் சொல்ல முடியாதுதான். என்றாலும் பரணியின் 96,000 எனக்கு "எக்கச்சக்கம்" என்பதற்கு இன்னொரு பெயராகத்தான் தெரிகிறது.

குஸ்ரோ கணக்கைப் பாருங்கள். 500 மணு நவரத்தினம் என்றால் 6 டன். பன்னிரண்டு யானை போதும். விலையை எடையால் வகுக்கும் விதி அப்படியே இருக்கிறது: மருமகன் விட்டுவிட்டு வந்த வைரத்தை இவர்கள் விடவில்லை. குஸ்ரோ சொல்லும் இன்னொரு இடமும் இதோடு பொருந்துகிறது. கண்டூர் என்ற இடத்தில் 108 யானைகள் பிடிபட்டன. அதில் ஒன்றே ஒன்றின் மேல்தான் நகை ஏற்றியிருந்தது. பாண்டிய நாடு முத்துக்குப் பேர்போனது. முத்தைவிட வசதியான கொள்ளைப்பொருள் உண்டா? புகழ்ந்து பாடுவதே தொழிலான கவிஞர் சொல்லும் எண் சிறியதாகவும், வரலாறு எழுதுகிறேன் என்று உட்கார்ந்தவர் சொல்லும் எண் பெரியதாகவும் இருப்பது வேடிக்கைதான். நான் கவிஞர் பக்கம்.

இரண்டு பேருமே முதலில் சொல்வது யானையை. அந்தப் பட்டியலை நாம் தங்கத்துக்காகப் படிக்கிறோம், அவர்கள் காலில் நடக்கும் சரக்கை முன்னால் வைத்திருக்கிறார்கள். வாளை எடுத்தால் சுமை ஏறும். யானையை எடுத்தால் தூக்கும் திறன் ஏறும். அதுவே விலை உயர்ந்த பொருள், அதுவே வண்டி, டெல்லி போய்ச் சேர்ந்ததும் அதுவே படை. பிரமஸ்தபுரி என்று குஸ்ரோ சொல்லும் ஊரில் மட்டும் 250 யானைகள் சிக்கின. அது சிதம்பரம் என்பது ஆய்வாளர்கள் பலரின் கருத்து. விளையாட்டில் இப்படிப்பட்ட கொள்ளைப்பொருள் அபூர்வம். துணைக்கு ஒருவனைச் சேர்த்துக்கொண்டு அவன் தலையில் மூட்டையைக் கட்டுவதுதான் அதிகபட்சம்.

குதிரைக் கதை இன்னும் சுவையானது. தமிழ்நாட்டுத் தட்பவெப்பம் குதிரைக்கு ஒத்துவராது. வருஷாவருஷம் பாரசீக வளைகுடாவிலிருந்து கப்பலில் வந்து இறங்கும். கீஷ் தீவிலிருந்து ஆண்டுக்கு 1,400 குதிரை, ஒன்று 220 பொன் தினார் என்று பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாப் எழுதுகிறார். வந்த குதிரைகள் சீக்கிரமே செத்துப் போவதை மார்க்கோ போலோவும் குறித்திருக்கிறார். அப்படியிருக்க 20,000 குதிரை இங்கே எங்கிருந்து வரும்? வஸ்ஸாப் கணக்குப்படி ஒரு குதிரையும் சாகாமல் பதினாலு வருஷம் சேர்த்தால்தான் அந்த எண் வரும். 5,000 என்றால் நம்பலாம். ஆக, பாண்டியன் முத்தையும் பொன்னையும் கொடுத்துக் கடல் வழியாக வாங்கிய குதிரைகள், காலால் நடந்து வடக்கே போயின.

நடக்கும் சரக்கில் ஒரு வில்லங்கம்: அது தின்னும். எந்த விளையாட்டிலும் இதற்கு விதி எழுதிப் பார்த்த ஞாபகம் எனக்கில்லை. யானைக்கு நாளைக்கு 150 கிலோ தழை, குதிரைக்கு 10 கிலோ என்று வைத்தால், குஸ்ரோ சொன்ன எண்ணிக்கைக்கே தினமும் 127 டன் தீவனம் வேண்டும். படையோடு வந்த குதிரைகளும் மாடுகளும் தனி. பரணி எண்ணிக்கைக்கு 292 டன். சித்திரைக் கடைசியில், வைகைக்கரையில், எத்தனை நாளைக்குக் கிடைக்கும்? இருந்தது பதினைந்தே நாள். ஊரில் உட்கார்ந்து சாவகாசமாகத் தோண்டிப் பார்க்க அவர்களால் முடிந்திருக்காது. பிடித்துவைத்த சரக்கே அவர்களைக் கிளப்பியிருக்கும்.

திரும்பும் பயணம் 176 நாள். சாலை வழியாக ஏறக்குறைய 2,400 கிலோமீட்டர். நாளைக்குப் பதினாலு கிலோமீட்டர் கூட இல்லை, கோரிப்பாளையத்திலிருந்து திருப்பரங்குன்றம் போய்வரும் தூரத்தைவிடக் குறைவுதான். நடுவில் தென்மேற்குப் பருவமழை. கோதாவரி, நர்மதை எல்லாம் நிறைந்து ஓடும் மாதங்கள். மருமகன் வீரன் ஆமை மாதிரி நகர்ந்தானே, அதேதான்.

மறுபக்கமும் ஒன்று இருக்கிறது. பறிகொடுக்கப் போகிறவனுக்கும் தூக்கும் திறன் ஓர் அளவுதான். மாலிக் காபூர் மதுரைக்குள் நுழைந்தபோது சுந்தர பாண்டியன் குடும்பத்தோடு போய்விட்டிருந்தான். எஞ்சி நின்றவை இரண்டு மூன்று யானைகள். கோபத்தில் கோயிலுக்குத் தீ வைத்தான் என்கிறது குஸ்ரோவின் எழுத்து. அதாவது பெட்டியைத் திறந்தால் உள்ளே காலி. மதுரையிலிருந்து டன் டன்னாகப் போனது என்று சொல்கிறவர்கள் இந்த இடத்தைத் தாண்டித்தான் வர வேண்டும். அள்ளியதில் பெரும்பங்கு வழியில் இருந்த ஊர்களில்தான்.

தூக்கவே முடியாததை என்ன செய்வது? படையெடுப்புக் காலத்தைப் பற்றி மீனாட்சி கோயிலில் ஒரு மரபு சொல்வார்கள். மூலவர் சொக்கநாதரின் மேல் கிளிக்கூடு மாதிரி ஒன்றை அமைத்து, மணலைக் கொட்டி மூடி, கருவறை வாசலைச் சுவர் வைத்து அடைத்துவிட்டு, முன்னால் அர்த்த மண்டபத்தில் வேறொரு லிங்கத்தை வைத்தார்களாம். வந்தவர்கள் அதையே மூலவர் என்று நினைத்துச் சிதைத்துவிட்டுப் போனார்கள். சிதைந்த அந்த லிங்கம் சுவாமி சன்னிதிப் பிரகாரத்தில் இன்றும் இருக்கிறது. மருமகனைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு, "இதை எத்தனை பேர் தூக்கணும் மாமா?" என்று கேட்டான்.