முள் குத்திய விரலுக்கு எந்த மருந்து?

தூத்துக்குடிக் கடலில் முத்துக்குளிப்பு 1961-உடன் நின்றுபோனது, சங்குகுளி நிற்கவில்லை. கீழவைப்பார் போன்ற ஊர்களில் கடலுக்குப் போகிறவருக்கும் கரையில் மீன் அறுப்பவருக்கும் கையில் காயம் புதிதல்ல. அது சிவந்து வீங்கினால் மெடிக்கலில் ‘நல்ல பவரான’ ஆன்டிபயாடிக் கேட்கிறார்கள். ஆனால் கிருமி எது என்று பாராமல் மருந்தின் வலுவை மட்டும் பார்ப்பது வீண். மீன் கையாள்பவர்களின் விரலில் ஊதாத் தடிப்பை உண்டாக்கும் எரிசிப்பெலோத்ரிக்ஸ், பழைய பென்சிலினுக்கே அடங்கும். பெரிய ஆஸ்பத்திரி மருந்தான வான்கோமைசினுக்கோ இயல்பிலேயே அசையாது. அந்தக் கிருமி தோலின் ஆழத்தில் இருப்பதால் மேலாகத் துடைத்தெடுக்கும் மாதிரியில் பெரும்பாலும் சிக்காது. வாரக்கணக்கில் ஆறாத முடிச்சு என்றால், காசநோய்க் கிருமியின் உறவான மைக்கோபாக்டீரியம் மரைனத்தைச் சந்தேகிக்க வேண்டும். இது வளரச் சுமார் 30 டிகிரி வெப்பம் தேவை. நோயாளி கடல் தொழிலாளி என்று சீட்டில் எழுதாவிட்டால், ஆய்வகம் வழக்கமான 37 டிகிரியில் வைத்துவிட்டு ‘வளர்ச்சி இல்லை’ என்று அனுப்பிவிடும். இதற்கான மருந்துகளை மாதக்கணக்கில் சாப்பிட வேண்டும்; ஐந்து நாள் மாத்திரைக்கு இங்கே வேலையே இல்லை.

கிருமியை வளர்த்துப் பார்க்கும் வழக்கமான கல்ச்சர் சோதனையின் முடிவு வர இரண்டு மூன்று நாளாகும், அதுவரை நோயாளி தாங்குவாரா என்று கேட்பது நியாயமே. வெதுவெதுப்பான கடல்நீரில் வாழும் விப்ரியோ வல்னிஃபிகஸ், கல்லீரல் கெட்டவர்களையும் சர்க்கரை நோயாளிகளையும் ஓரிரு நாளில் சாய்த்துவிடும். அங்கே காத்திருப்பது தவறு. டாக்சிசைக்ளினும் மூன்றாம் தலைமுறை செஃபலோஸ்போரினும் சேர்த்து உடனே தொடங்க வேண்டும், தேவைப்பட்டால் அறுவைச் சிகிச்சையும் செய்ய வேண்டும். ஆனால் இந்த மருந்துகளை நினைக்க வைத்ததே ‘கடல்நீர் பட்ட காயமா, கல்லீரல் கோளாறு உண்டா?’ என்ற விசாரிப்புதான். முதல் ஊசிக்கு முன்பே ரத்தமும் சீழும் எடுத்துவிட்டால் மருந்தைப் பிறகு மாற்றிக்கொள்ளலாம். 1884-இல் வந்த கிராம் சாயச் சோதனை, கிருமியின் உருவத்தைச் சில நிமிடங்களில் காட்டிவிடும். செலவும் சொற்பம்.

ஒருநாள் கூலி போனால் அடுப்பெரியாத வீட்டில் இத்தனை பரிசோதனை ஆடம்பரம் என்பார்கள். பொருந்தாத மாத்திரைக்குப் பணம் கொடுத்து, வீங்கிய விரலோடு மாதக்கணக்கில் தொழிலுக்குப் போக முடியாமல் இருப்பதன் செலவை யாரும் கணக்கிடுவதில்லை. 2012-இல் மருத்துவச் சங்கங்களின் சென்னைப் பிரகடனம் ஆன்டிபயாடிக் கட்டுப்பாட்டைக் கோரியது. 2014 மார்ச் 1 முதல் மருந்து விற்பனை விதிகளில் எச்1 அட்டவணையும் அமலானது. அதன்படி மூன்றாம் தலைமுறை செஃபலோஸ்போரின் விற்றால் கடைக்காரர் பதிவேட்டில் குறிக்க வேண்டும். சட்டம் டாக்டர் சீட்டு இருக்கிறதா என்று பார்க்கும். சீட்டில் எழுதியது சரியா என்று பார்க்காது. அதைச் சரியாக்க, ஆய்வகப் படிவத்தில் நோயாளியின் தொழிலையும், காயம் எந்தத் தண்ணீரில், எதனால் பட்டது என்பதையும் எழுத இரண்டு வரி ஒதுக்கினால் போதும்.