படகு ஃபோம் நனையாமல் காப்பது எப்படி?

கடலோர ஊர்களில் கடை வைத்திருக்கும் நம் அங்கத்தினர் பலர் தெர்மோகோல், ஃபோம் விற்கின்றனர். ஃபைபர் படகில் நீர் நிரம்பினாலும் மூழ்காமல் தாங்குவது தளத்தின் அடியில் வைக்கும் இந்தச் சரக்குதான். ஒரு கன அடி ஃபோம் சுமார் 27 கிலோவைத் தாங்கும். நீர் ஊறிவிட்டால் அதுவே பாரமாகிவிடும், எளிதில் உலராது.

ஆகவே வாங்குவோரிடம் சில விஷயங்களைச் சொல்லி விற்பது நல்லது:

1. தளத்தில் உள்ள ஸ்குரூ துளைகளை சீலன்ட் வைத்து அடைக்க வேண்டும்.

2. ஃபோமுக்கு அடியில் நீர் வடிய வழி விட வேண்டும்.

3. கரையேற்றியதும் வடிகால் அடைப்பைத் திறந்து, முன் அணியத்தை உயர்த்தி வைக்க வேண்டும்.

4. தெர்மோகோல் மீது பெட்ரோலோ பாலியெஸ்டர் ரெசினோ படக்கூடாது; கரைந்துவிடும்.

எப்போதும் இழுக்கும் ஆட்களுக்கே படகு பாரமாகத் தெரிந்தால், ஃபோமைப் பரிசோதித்து, நனைந்ததை மாற்றச் சொல்லுங்கள். வாங்கியவர் பத்திரமாகக் கரை திரும்பினால்தான் நம் கணக்கும் நேராகும்.