பெருநாளுக்குப் பூக்கும் வாசல்: ஒருபருவப் பூச்செடிகளைத் தேர்ந்தெடுப்பதும் வளர்ப்பதும்

பெருநாள் நெருங்கும்போது வீட்டுக்கு வெள்ளையடிக்கிறோம், திரைச்சீலைகளை மாற்றுகிறோம். வாசல் அழகாக இருக்கட்டும் என்று நர்சரியிலிருந்து பூத்துக் குலுங்கும் நான்கு தொட்டிகளையும் வாங்கி வருகிறோம். மூன்று நான்கு வாரங்களில் அவற்றில் பெரும்பாலானவை காய்ந்துவிடுகின்றன. "நம் கைக்குச் செடி வராது" என்று சலித்துக்கொண்டு, காலித் தொட்டிகளை மாடிப்படிக்குக் கீழே ஒதுக்கி விடுகிறோம். அடுத்த பெருநாளுக்கு மறுபடியும் அதே செலவு.

குறை நம் கையில் இல்லை. நாம் வாங்கி வரும் பூச்செடிகளில் பல, ஒரே பருவம் மட்டும் வாழக்கூடியவை. பூத்த நிலையில் வாங்கும்போதே அவற்றின் ஆயுளில் பாதி முடிந்திருக்கும். அதே செடியை விதையிலிருந்து வளர்த்தால், அது பூக்கும் காலம் முழுவதும் நம் வீட்டிலேயே கழியும். செலவும் மிகக் குறைவு.

ஒருபருவச் செடி என்றால் என்ன?

முளைத்து, வளர்ந்து, பூத்து, விதை கொடுத்து, ஒரே பருவத்தில் வாழ்வை முடித்துக்கொள்ளும் செடிகளே ஒருபருவச் செடிகள். மல்லிகை, செம்பருத்தி, ரோஜா போன்றவை ஆண்டுக்கணக்கில் வாழ்பவை. செண்டுமல்லி, ஜினியா, காஸ்மாஸ், காசித்தும்பை, வாடாமல்லி, கோழிக்கொண்டை, சூரியகாந்தி ஆகியவை ஒருபருவச் செடிகள். பூத்து ஓய்ந்தபின் இவை காய்வது நோயல்ல, இயல்பு. வாழ்நாள் குறைவு என்பதால்தான் இவை இவ்வளவு வேகமாகவும் இவ்வளவு அதிகமாகவும் பூக்கின்றன.

வாடகை வீட்டில் இருப்பவர்களுக்கும், சிறிய மாடியோ பால்கனியோ மட்டும் உள்ளவர்களுக்கும் இவை ஏற்றவை. இரண்டு மாதத்தில் பலன் தெரியும். பிடிக்காவிட்டால் அடுத்த முறை வேறு பூவை விதைத்துக்கொள்ளலாம்.

பிறைக் கணக்கில் விதைப்பு

பெரும்பாலான ஒருபருவச் செடிகள் விதைத்த 45 முதல் 60 நாட்களில் பூக்கத் தொடங்குகின்றன. இந்தக் கணக்கு நமக்கு வசதியாக அமைந்திருக்கிறது. ஷஃபான், ரமலான் ஆகிய இரண்டு மாதங்களும் சேர்ந்தால் ஏறத்தாழ 59 நாட்கள். ஆகவே ஷஃபான் முதல் பிறையில் விதைத்தால், நோன்புப் பெருநாள் அன்று வாசலில் பூ இருக்கும். ஹஜ்ஜுப் பெருநாளுக்கு ஷவ்வால் முதல் வாரத்திலிருந்து பத்தாம் பிறைக்குள் விதைக்க வேண்டும்.

எந்தப் பூவை விதைப்பது என்பது ஒவ்வோர் ஆண்டும் மாறும். பிறை ஆண்டு, சூரிய ஆண்டைவிட ஏறத்தாழ 11 நாட்கள் குறைவு. தமிழ்நாட்டில் நோன்புப் பெருநாள் 2023-ல் ஏப்ரல் 22, 2024-ல் ஏப்ரல் 11, 2025-ல் மார்ச் 31 என முன்னோக்கி நகர்ந்து வந்திருக்கிறது. 2030 வாக்கில் பிப்ரவரி முதல் வாரத்தையொட்டி வரும். கோடை தொடங்கும் நேரத்துப் பெருநாளுக்கு வெயில் தாங்கும் பூக்கள் தேவை. குளிர்காலத்தில் பெருநாள் வரும்போது, சமவெளியில் இப்போது சிரமப்படும் பெட்டூனியாவைக்கூட வாசலில் நிறைக்கலாம். முதலில் பெருநாள் எந்தப் பருவத்தில் வருகிறது என்று பாருங்கள். அதன்பிறகு பூவைத் தேர்ந்தெடுங்கள்.

எந்தப் பூ, எந்தப் பருவம்?

செண்டுமல்லி: ஆங்கிலத்தில் இதை ஆப்பிரிக்கச் செண்டு என்பார்கள். தமிழில் துலுக்கச் சாமந்தி என்றும் ஒரு பெயர் உண்டு. ஆனால் இதன் தாயகம் மெக்சிகோ. நான்கைந்து நாட்களில் முளைத்துவிடும். முதன்முறை வளர்ப்பவர்கள் இதிலிருந்து தொடங்கலாம். கடும் கோடையில் மட்டும் பூ சிறுக்கும். குட்டை ரகங்கள் தொட்டிக்கு ஏற்றவை.

ஜினியா: இதுவும் மெக்சிகோ செடிதான். வெயில் எவ்வளவு அடித்தாலும் தாங்கும். பல நிறங்களில் கிடைக்கும். பறித்துக் குவளையில் வைத்தால் பல நாட்கள் வாடாது. 2016 ஜனவரியில் சர்வதேச விண்வெளி நிலையத்தில் மலர்ந்தது இந்த ஜினியாதான் என்று பிள்ளைகளிடம் சொல்லுங்கள். தண்ணீர் ஊற்ற அவர்களே வந்து நிற்பார்கள்.

வாடாமல்லி, கோழிக்கொண்டை: இரண்டும் வெயில் விரும்பிகள். பூக்க இரண்டு மாதத்துக்குச் சற்று மேலாகலாம் என்பதால், பத்துப் பதினைந்து நாள் முன்னதாகவே விதைக்கவும். வாடாமல்லியைப் பறித்துத் தலைகீழாகக் கட்டி நிழலில் உலர்த்தினால், நிறம் மாறாமல் மாதக்கணக்கில் அலங்காரத்துக்கு வைத்துக்கொள்ளலாம்.

பத்துமணிப் பூ: சதைப்பற்றுள்ள சிறு செடி. நீர்ப் பற்றாக்குறையைத் தாங்கும். விதை தேவையில்லை, விரல் நீளத் தண்டைக் கிள்ளி ஊன்றினாலே வேர் பிடிக்கும். ஆழமில்லாத தட்டைத் தொட்டி போதும். வெயில் படாத இடத்தில் வைத்தால் பூ விரியாது.

காசித்தும்பை: நம் நாட்டுக்குச் சொந்தமான செடி. மழைக்காலத்துக்கும் அரை நிழலுக்கும் ஏற்றது. நாம் மருதாணி வைப்பது போல, கொரியாவில் சிறுமிகள் இதன் இதழ்களை அரைத்து நகங்களுக்குச் சாயமிடுவார்கள். முற்றிய காயைத் தொட்டால் வெடித்து விதை சிதறும்.

பெட்டூனியா: குளிர் விரும்பி. பூக்க 10 முதல் 12 வாரங்கள் ஆகும். சமவெளியில் நவம்பர் முதல் பிப்ரவரி வரை மட்டுமே நன்றாக இருக்கும். ஊட்டிக்குச் சுற்றுலா போய் அங்குள்ள பூச்செடிகளை ஆசையாக வாங்கி வருகிறோம். அவற்றில் பல, சமவெளியின் வெயிலைத் தாங்குபவை அல்ல.

கடலோர ஊர்களில் இருப்பவர்களுக்கு

காயல்பட்டினம், கீழக்கரை, அதிராம்பட்டினம், நாகூர் போன்ற ஊர்களில் மணற்பாங்கான மண்ணும், பல இடங்களில் உவர்ப்பான நீரும் தோட்டத்துக்குத் தடையாக உள்ளன. கைலார்டியா, பத்துமணிப் பூ, நித்தியகல்யாணி ஆகியவை இந்தச் சூழலை ஓரளவு தாங்கும். மழைநீரைச் சேமித்து ஊற்றினால் மற்ற செடிகளும் வளரும். கடற்கரை மணலை மட்டும் தொட்டிக் கலவையில் சேர்க்க வேண்டாம், அதிலுள்ள உப்பு வேரைக் கருக்கிவிடும்.

மண்ணும் விதைப்பும்

செம்மண் இரண்டு பங்கு, மக்கிய தொழுவுரம் அல்லது மண்புழு உரம் ஒரு பங்கு, ஆற்றுமணல் அல்லது தேங்காய் நார்த்தூள் ஒரு பங்கு. இந்தக் கலவை எல்லாப் பூக்களுக்கும் போதும். தொட்டியின் அடியில் துளை கட்டாயம் வேண்டும். தண்ணீர் தேங்கிச் சாகும் செடிகளே அதிகம். ஜினியாவுக்கு 8 அங்குலத் தொட்டியும் உயரமான செண்டுமல்லிக்கு 12 அங்குலத் தொட்டியும் ஏற்றவை. காசித்தும்பை தவிர மற்றவற்றுக்கு நாளொன்றுக்கு ஆறு மணி நேரமாவது நேரடி வெயில் தேவை.

விதையின் தடிமனைப் போல இரண்டு மடங்கு ஆழத்தில் விதைத்தால் போதும். பெட்டூனியா விதை தூசி போலச் சிறியது. அதை மண்ணின் மேல் தூவிவிட்டு மூடாமல் விட வேண்டும். சூரியகாந்தி, காஸ்மாஸ், ஜினியா ஆகியவற்றை நேரடியாக அதே தொட்டியில் விதைப்பது நல்லது, வேர் அசைந்தால் வளர்ச்சி தடைபடும். செண்டுமல்லியை நாற்றுவிட்டு, மூன்று நான்கு வாரங்களில் மாலை நேரத்தில் எடுத்து நடலாம். நாற்றுத் தட்டில் ஈரம் இருந்தால் போதும். சேறாக இருந்தால் தண்டு அடியில் அழுகி நாற்று சாய்ந்துவிடும்.

தண்ணீரும் உரமும்

சுப்ஹுக்குப் பின் ஊற்றுவது சிறந்தது. கோடையில் அஸருக்குப் பின் இன்னொரு முறையும் ஊற்றலாம். விரலை ஓர் அங்குலம் மண்ணில் விட்டுப் பாருங்கள். ஈரம் தட்டினால் அன்று ஊற்ற வேண்டாம். இலைமேல் ஊற்றாமல் வேரில் ஊற்றினால், ஜினியாவின் இலையில் படியும் சாம்பல் நோய் குறையும்.

உளூச் செய்யும் தண்ணீரில் சோப்பு இல்லை. கீழே ஒரு வாளி வைத்துச் சேகரித்தால் ஒரு குடும்பத்தின் ஐவேளை உளூ நீரே பல தொட்டிகளுக்குப் போதும். அரிசி கழுவிய நீரும் பயன்படும். கறி, மீன் கழுவிய நீரைத் தொட்டியில் ஊற்றினால் ஈயும் எறும்பும் பூனையும்தான் வரும்.

உரம் மிகுந்தாலும் கெடுதல். தழைச்சத்து கூடினால் காஸ்மாஸ் போன்றவை இலையாகவே வளர்ந்து பூக்க மறுக்கும். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, ஊறவைத்த கடலைப் பிண்ணாக்குக் கரைசலைப் பத்து மடங்கு நீரில் கலந்து ஊற்றினால் போதும்.

பூ நீடிக்க என்ன செய்வது?

செண்டுமல்லி, ஜினியா செடிகள் ஒரு சாண் உயரம் வந்ததும் நுனியைக் கிள்ளிவிடுங்கள். பக்கக் கிளைகள் விட்டுப் பூக்கள் பெருகும். முதல் பூ ஒரு வாரம் போலத் தள்ளிப்போகும் என்பதையும் பெருநாள் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

வாடிய பூக்களை உடனுக்குடன் கிள்ளி எடுப்பது இதைவிட முக்கியம். செடியின் நோக்கம் விதை உண்டாக்குவது. விதை முற்றிவிட்டால் அதன் வேலை முடிந்தது. வாடிய பூவை எடுத்துவிட்டால் அது மீண்டும் பூத்துப் பார்க்கும். இந்த ஒரு பழக்கத்தால் பூக்கும் காலம் பல வாரங்கள் நீளும்.

அசுவினி, மாவுப்பூச்சி தென்பட்டால் ஒரு லிட்டர் நீரில் 5 மில்லி வேப்பெண்ணெயும் சில சொட்டு சோப்புக் கரைசலும் கலந்து மாலையில் தெளிக்கவும்.

குழந்தைகள் உள்ள வீட்டில்

தொட்டிக்கு அடியில் வைக்கும் தட்டில் தேங்கும் நீரில் டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையிடும். முட்டை கொசுவாக ஒரு வாரம் பத்து நாள் போதும். எனவே வாரம் ஒருமுறையாவது தட்டைக் கவிழ்த்துத் தேய்த்துக் கழுவுங்கள். நித்தியகல்யாணியிலிருந்து புற்றுநோய் மருந்துகள் தயாரிக்கப்படுகின்றன என்பது உண்மை. ஆனால் செடியை அப்படியே தின்றால் அது நச்சு. எதையும் வாயில் வைக்கும் வயதுப் பிள்ளைகளுக்கு எட்டாத இடத்தில் வையுங்கள்.

அடுத்த ஆண்டுக்கான விதை

பருவம் முடியும்போது, நன்றாகப் பூத்த செடியில் நாலைந்து பூக்களைக் கிள்ளாமல் முற்ற விடுங்கள். காய்ந்ததும் விதையை எடுத்து நிழலில் உலர்த்தி, பெயரும் மாதமும் எழுதி, ஈரம் புகாத புட்டியில் வையுங்கள். கலப்பின ரகங்களின் விதை தாய்ச்செடியைப் போலவே வரும் என்று சொல்ல முடியாது. நாட்டு ரகங்களாக இருந்தால் ஏறக்குறைய அதே பூ கிடைக்கும்.

ஒரு செண்டுமல்லிப் பூவிலேயே ஏராளமான விதைகள் இருக்கும். நமக்குப் போக மீதியைச் சிறு பொட்டலங்களாக மடித்து, ரஜப் மாதத்திலேயே அண்டை வீட்டாருக்கும் சொந்தக்காரர்களுக்கும் கொடுத்தால், பெருநாள் அன்று தெரு முழுவதும் ஒரே பூ பூத்திருக்கும்.